பத்தரைக்கு முன்

பத்தரை அடித்தால் மது அலமாரிக்குச் சங்கிலி.
இப்போது பத்து இருபத்திரண்டு.
பிடோக் பேரங்காடியில்
மழை சொட்டும் குடையோடு நிற்கிறேன்.

கண்ணுக்கு நேரே நாற்பது வெள்ளிப் போத்தல்கள்.
முழங்காலுக்குக் கீழேதான் என் சம்பளம்.
குனிகிறேன்.

கங்காரு ஒட்டியது பதினெட்டு.
சிலி நாட்டுச் சிவப்பு, இரண்டெடுத்தால் முப்பது.
‘கருஞ்செர்ரி, புகையிலை, நனைந்த மண்’
என்கிறது சீட்டு.
நனைந்த மண்
வெளியே இலவசமாகவே கிடைக்கிறது.

அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தவர்,
பெயர்ப்பட்டையில் சியூ ஹொங்,
திருகுமூடிப் போத்தலொன்றைக் காலால் சுட்டினார்:
“இதைத்தான் வாத்துக்கறிக்கு ஊற்றுவேன்.
மிச்சம் எனக்கு.”

அதையே எடுத்தேன்.
பன்னிரண்டு தொண்ணூறு.

நாளை இரவு ஷிஃப்ட் முடிந்து
ரோஸ்லினும் பைரவியும் வருவார்கள்,
செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல்.
வீட்டில் காலுள்ள கண்ணாடிக் கிண்ணம் கிடையாது.
மைலோ குவளைகளில் ஊற்றுவேன்.
ஆட்டுப்பிரட்டலின் காரம்
அதன் புளிப்பைப் பார்த்துக்கொள்ளும்.
ஒருத்தியும் முகர்ந்து பார்க்கமாட்டாள்.

பின்னால் சங்கிலிச் சத்தம்.
கல்லாவில், மான்கொம்புத் தொப்பி போட்ட பையன்
நிமிராமலே அடையாள அட்டை கேட்டான்.

எனக்கு நாற்பத்தாறு.
இரண்டு தரம் காட்டினேன்.