பன்னிரண்டு அடுக்கு

மூதூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு பட்டைகள்
திரும்பி வந்திருக்கின்றன,
குளிசை போடும் காகித உறையில், ரப்பர் வளையம் சுற்றி.
டெங்குப் பட்டைகள். ஏழிலும் கோடே இல்லை.
ஒன்றுமில்லை என்று அவை சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லவில்லை.
இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எனக்குச் சம்பளம்.

சீனக்குடாவில், கடலுக்கு நானூறு அடி தள்ளி,
ஈரம் இருபது வீதத்தைத் தாண்டக்கூடாத அறை.
உதடு வெடிக்க உள்ளே இருப்போம்.
வெளியே மார்கழி;
கதவு திறக்கும்போதெல்லாம் வாடைக்காற்று
தானும் வேலைக்கு வந்ததாய் நுழையும்.

அதே இலக்கத்தில் மிச்சமிருந்த பட்டை ஒன்றை
உடைத்துக் கண்ணாடிக்குக் கீழ் வைத்தேன்.
ஒரு துளி விட்டேன்.
சிவப்புப் புறப்பட்டது, பஞ்சைத் தாண்டியது,
வெள்ளைத் தாளில் ஏறியது,
பாதியில் வில்லாய் வளைந்து
நின்றுவிட்டது.
அதற்கு மேல் தாள் நனையவே இல்லை.
நுண்துளை முழுக்கப் பசை.

பசை குறைந்தால் பஞ்சு தூக்கும்,
இரத்தம் அடியால் கள்ளமாய் ஓடும்.
கூடினால் தாளையே குடித்துவிடும்.

கத்தியில் கம் பிடித்திருக்கும் என்றாள் பஸ்மியா.
கொழும்பில் ஒட்டுகிறதே என்றார்
அட்டை விற்கிற புவனேந்திரன், தொலைபேசியில்.

நான் பெட்டி இலக்கத்தைப் பார்த்தேன்.
ஐப்பசிக் கடைசி. களஞ்சியக் கூரை ஒழுகிய இரவு.
நனையாமலிருக்க அட்டைப் பெட்டிகளை
நானும் பஸ்மியாவும் தூக்கி அடுக்கினோம்.
ஆறுக்கு மேல் அடுக்காதே என்று
பெட்டியிலேயே அம்புக்குறி போட்டிருந்தது.
பன்னிரண்டு அடுக்கினோம்.
கரண்டும் இல்லை. பத்தொன்பது நாள்
அப்படியே மறந்துபோனோம்.

பசை கெட்டியான பொருளில்லை.
மிக மிக மெதுவாய் ஓடுகிற தண்ணீர் அது.
மேலே பாரம், கீழே வெக்கை,
போவதற்கு வழி இருந்தது. போனது.

படிவத்தில் ‘காரணம்’ என்று மூன்று வரி இடம்.
ஈரப்பதம் என்று எழுதினால்
ஹேமச்சந்திர சேர் வாசிக்காமலே ஒப்பமிடுவார்.
கடலைக் குறை சொன்னால்
எவருக்கும் வேலை போகாது;
கூட்டத்துக்குக் கடல் வராது.

ஏழு விரல் நுனிகள்.
ஒவ்வொன்றிலும் இரண்டாம் முறை குத்தியிருப்பார்கள்.
அதில் ஒன்றாவது
பாற்பல் விழாத பிள்ளையின் விரலாயிருக்கும்.

பன்னிரண்டு அடுக்கு என்று எழுதினேன்.
அடுக்கியவர்: என் பெயர்.
பஸ்மியாவின் பெயருக்குப் பேனை போனது,
திரும்பி வந்தது.

உறையை ஒட்டினேன்.
ஒட்டவில்லை, மழைக்கு இளகிப்போன கோந்து.
ஸ்டேப்ளர் அடித்தேன், இரண்டு.