பன்னிரண்டாவது உறுப்பினர்

கெம்சித் துறையில்
சிப்பி வளர்ப்போர் கூட்டுறவின் நிர்வாகக் குழுவில்
பதினோரு பேர்.
கூட்டக் குறிப்பேடு எழுதுகிறவள் நான்.
சென்ற கோடை முழுக்கப்
பன்னிரண்டாவதாக ஒன்று வந்துபோனதை
எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை:
தலைவி நெல்டா பர்ரியாவின்
இடது கீழ்க் கடைவாய்ப் பல்.

செவ்வாய் காலை ஏழரைக்குக் கூட்டம்.
சிலோவே தீவில் கோடையிலும் மழை, கோடையிலும் அடுப்பு.
ஆறு மணிக்கே வந்து விறகை மூட்டியிருப்பாள்,
ஒரு கன்னம் உள்ளங்கையில்.
ராத்திரி மூன்று வரை
சாந்தியாகோ வியாபாரிக்குப் பதில் எழுதியிருப்பாள்,
யாரோ இருவரின் கயிற்றுத் தகராறைப்
போனிலேயே தீர்த்திருப்பாள்.
சாப்பிட்டாயா என்றால்
சாப்பிட்டேன் என்று பொய் சொல்லவும் நேரமில்லாமல்
கையை அசைப்பாள்.
பல் வைத்தியர் காஸ்த்ரோவில் இருந்தார்,
பஸ்ஸில் போக வேண்டும்.
"சீசன் முடியட்டும்."

நாங்கள் அதைப் பாராட்டினோம்.
அதுதான் சங்கடம்.
ஆண்டுவிழாவில் பத்திரம் வேறு கொடுத்தோம்:
'தன்னைப் பாராமல் உழைப்பவர்.'
வாசகம் என்னுடையது.

பல்லைக் கடித்துக்கொண்டு நடத்திய கூட்டங்கள்
சீக்கிரம் முடிந்தன.
நாற்பது நிமிடம். முப்பத்தைந்து.
மார்செலோ டீசல் கணக்கைக் கேட்டபோது
அவள் முகம் சுளித்தாள்.
சுளித்தது பல்லுக்காக.
மார்செலோவுக்கு அது எப்படித் தெரியும்?
பிறகு அவன் கணக்கே கேட்கவில்லை.

மார்ச் இரண்டாம் செவ்வாய்
எரிபெர்த்தோ நவெல்கின் நான்கு முறை கை தூக்கினார்.
மெதுவான மனிதர்.
ஒரு வாக்கியத்துக்குள் மூன்று இடத்தில் நிற்பார்,
படகைத் துடுப்பால் திருப்புகிறவர் போல.
முதல் நிறுத்தத்திலேயே "அடுத்தது" என்றாள் நெல்டா.
நான் எழுதினேன்:
'வேறு எவரும் பேச முன்வரவில்லை.'
நல்ல கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

அவர் சொல்ல வந்தது,
வடக்கு மிதவைகளுக்கு அப்பால்
தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது என்பது.
பத்து நாள் கழித்து அதையே
சுகாதாரத் துறை சொன்னது, முத்திரையோடு.
அதற்குள் கரை ஏற்றிய சிப்பி பதினெட்டு டன்.
விற்கவும் முடியாது, கடலில் கொட்டவும் கூடாது.
சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.
மழை விடவில்லை.

அன்றிரவு கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது.
தங்கை ஒத்தீலியா
அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்,
கிட்டத்தட்டக் கடத்தல்தான்.

அடுத்த செவ்வாய்
வாயில் பஞ்சு, பேசத் தடை.
தூங்கி எழுந்த முகம்.
அதை நாங்கள் பார்த்ததே இல்லை,
யாரோ உறவுக்காரி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
பலகையில் ஒரு பெயரை மட்டும் எழுதினாள்:
எரிபெர்த்தோ.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
போனது. எங்கே போனது என்று நான் பார்த்தேன்.
அவர் எழுந்தார். மூன்று இடத்தில் நின்றார்.
மூன்றிலும்
விறகு வெடிக்கும் சத்தம் மட்டும்.
பிறகு மார்செலோ டீசல் கணக்கை எடுத்தான்.
இரண்டரை மணி நேரம் ஓடியது கூட்டம்.
உண்மையைச் சொன்னால்
பாதிக்கு மேல் அலுப்பாக இருந்தது.

இப்போது அவள் வாய் திறக்கிறது.
சில செவ்வாய்களில் பழைய "அடுத்தது" வரும்.
பேனாவைக் கீழே வைத்து
உருளைக்கிழங்கு ரொட்டித் தட்டை நகர்த்துவேன்.
முறைப்பாள். பிய்ப்பாள்.
வலப்பக்கமாக மெல்லுவாள்.
பத்துப் பேரும் காத்திருப்போம்.

குறிப்பேட்டில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்,
யாரும் அனுமதி தரவில்லை:
பெயர், கையொப்பம்,
தலைவி தூங்கிய மணி.
நேற்றைய பக்கத்தில்
அவள் கையாலேயே 'ஐந்து' என்று இருக்கிறது.
அதை அடித்து, 'மூன்றரை'.
அதற்கு நேரே என் எழுத்தில்:
'விலை நிர்ணயம்
அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'