பின்னிருக்கையில் மூன்றடுக்கு

கேக் பெட்டியைப் பின்னிருக்கையின் நடுவில் வைத்து
பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.
க்ளிக்.
எவரிஸ்தோ கண்ணாடியில் பார்த்தான்.
பார்த்துவிட்டு, முப்பது வருடத்தில் முதல் முறையாக,
தன் பெல்ட்டையும் தேடினான்.
அது இருக்கைக்கும் கதவுக்கும் இடையில்
நிலக்கடலைத் தோல்களோடு கிடந்தது.

கொமொதோரோவிலிருந்து ரியோ காஷெகோஸ்வரை
எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
நாளை மாலை நொயெலியாவுக்குக் கல்யாணம்.
"ஏழு மணி நேரத்தில் அடிச்சிடலாம்" என்றான், வழக்கம்போல.
"வெண்ணெய்ப் பூச்சு" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.

முள் தொண்ணூறில் நின்றது.

நான் கெஞ்சியபோது நிற்காத முள்.
கோபித்து இருநூறு கிலோமீட்டர் பேசாமல் வந்தபோதும்
வயிற்றில் பிள்ளையோடு வாந்தியெடுத்தபோதும்
நூற்று நாற்பதை விட்டு இறங்காத முள்
சர்க்கரை ரோஜாக்களுக்கு இறங்கியிருந்தது.
சந்தோஷப்படுவதா, அழுவதா?
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினேன்.
அவன் தூங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை;
ஊற்றுவேன், ஊர்வம்பு பேசுவேன், மறுபடி ஊற்றுவேன்.

பெட்ரோல் நிலையத்தில் வண்டியின் மூக்கைக்
காற்றின் பக்கம் திருப்பி நிறுத்தினான்.
"கதவை ரெண்டு கையாலும் பிடி."
இந்தச் சமவெளியின் காற்றுக்குக்
கதவைப் பிடுங்க ஒரு கை போதும்.
ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.
சக்கரங்களுக்குக் காற்று, எங்களுக்குத் தண்ணீர்,
எல்லாம் கேக்கின் பெயரில்.

தாகத்தில் செத்தவளுக்கு லாரிக்காரர்கள் அடுக்கிய
தண்ணீர் பாட்டில்கள் சாலையோரம் மின்னின.
சற்றுத் தள்ளி ஒரு சிலுவை.
அதில் பூவுக்குப் பதில்
உடைந்த முகப்பு விளக்கு.
இதுவரை நான் பார்த்ததில்லை அதை.
எப்போதும் ஒரு வெள்ளைக் கோடாகவே கடந்துபோயிருக்கிறது.

வெளிச்சம் மங்கும் நேரம்,
கம்பிவேலியைத் தாண்டி வந்து விழுந்தது குவானாக்கோ.
எவரிஸ்தோ ஸ்டீயரிங்கை ஒடிக்கவில்லை.
நேராகப் பிடித்து, அழுத்தி, அழுத்தி, நிறுத்தினான்.
நீண்ட கழுத்தைத் திருப்பி
மென்றுகொண்டே எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.
கியர் போடப் போனவனின் கையைப் பிடித்தேன்.
"இரு. ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரும்."
வந்தது. குட்டி. வேலியில் கால் சிக்கித் தடுமாறி வந்தது.

எங்களுக்கும் அதற்கும் நாலு வண்டி நீளம்.
நூற்று நாற்பதில் எத்தனை இருந்திருக்கும் என்று
மனக்கணக்குப் போட்டேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.

த்ரெஸ் செர்ரோஸில் அவனே ஓரம் கட்டினான்.
"கேக் களைச்சிருச்சு" என்றான்.
ஸ்டீயரிங்கில் நெற்றி வைத்து, வாய் திறந்து,
பக்கத்து லாரிக்காரனோடு போட்டியிட்டுக் குறட்டை விட்டான்.
நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
மேலடுக்கில் ஒரே ஒரு இதழ் சரிந்திருந்தது.
நக்கித் தின்றேன்.

கல்யாணத்தில் கேக் தீர ஆறு நிமிடம்.
கடைசித் தட்டை விரலால் வழித்தது எவரிஸ்தோதான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம்.
ஊர் எல்லையில் போலீஸ் சாவடி மறைந்ததும்
பெல்ட்டைக் கழற்றித் தோளுக்குப் பின்னால் எறிந்தான்.
நூறு. நூற்றுப் பத்து. நூற்று இருபத்தைந்து.
"நிறுத்து" என்றேன்.
இறங்கினேன். கதவை ரெண்டு கையாலும் பிடித்தபடி.
டிக்கியிலிருந்து காலிப் பெட்டியை எடுத்துவந்து
நடுவில் வைத்து, இழுத்து மாட்டினேன்.
க்ளிக்.
"என்ன இருக்கு அதுல?"
"கீழடுக்கு. கொஞ்சம்."

இல்லை என்று அவனுக்குத் தெரியும்.
விரலில் வெண்ணெய் வாசம்கூடப் போயிருக்காது.
கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான்.
பிறகு பெல்ட்டைத் தேடினான்.

எதிரே வந்த லாரியின் காற்று எங்களை அறைந்தது.
எடையில்லாத பெட்டி லேசாக ஆடியது.
"பார்த்துப் போடா, பாவி" என்று
லாரியைத் திட்டிவிட்டு
கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தான்.
முள் தொண்ணூறில் இருந்தது.