முப்பத்தொன்றாம் பெட்டி

ஒன்பது நாளாய்ப் பேசவில்லை என்று
ஏணியையும் என்னையும் அனுப்பினார்கள்.
தாழங்குப்பம், மூன்றாவது குறுக்கு,
மின்மாற்றிக் கம்பத்தின் இடுப்பில்
சோப்புடப்பா அளவில் ஒரு பெட்டி.

அதற்குத் தெரிந்தது மூன்றே சொல்:
எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஓட்டம், எவ்வளவு சூடு.
கால்மணிக்கு ஒருமுறை விழிக்கும்,
சொல்லும்,
தூங்கிப்போகும்.
கத்திச் சொல்லத் தெம்பில்லை.
முப்பதாம் பெட்டியின் காதில் போடும்.
முப்பது, இருபத்தெட்டின் காதில்
(இருபத்தொன்பதை கன்டெய்னர் லாரி இடித்துவிட்டது).
கைமாறிக் கைமாறி
ரேஷன்கடை மாடியில் நிற்கும் ஆன்டெனாவுக்கு,
அங்கிருந்து
அண்ணா சாலையில் ஒரு குளிரறையின் சுவரில்
பச்சைப் புள்ளிக்கு.

பச்சை சாம்பலாகி ஒன்பது நாள்.

திறந்தேன்.
தூசு புகாது, தண்ணீர் புகாது என்று
மூடியில் அச்சடித்திருக்கிறது.
கடலுக்கு வாசிக்கத் தெரியாது.
திருகாணிகள் வெள்ளையாய்ப் பூத்திருந்தன,
சர்க்யூட் பலகையெங்கும் களிம்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
இதற்கு உள்ளதே
பதினான்கு மாதம்தான் போல.

ஆனாலும் எழுதி வைத்திருந்தது.
கேட்க ஆளில்லாத ஒன்பது நாளையும்
லேப்டாப்பில் இறக்கினேன்:
விடிகாலை மூன்றரைக்கு ஏறும் ஓட்டம்,
அது ஐஸ் உடைக்கும் மிஷின்.
ஞாயிறு காலை ஒரு பள்ளம்,
தெருவே மாதா கோயிலில்.
இரவு ஒன்பதிலிருந்து அழுத்தம் சரிகிறது,
இருநூற்றுப் பத்து, நூற்றெண்பது,
நூற்றறுபத்தெட்டு.
நூற்றறுபத்தெட்டில் ஃபேன் சுற்றாது,
சுற்றுவதாய் நினைத்துக்கொள்ளும்.

"இதத்தான நான் ஆடி மாசத்துலேர்ந்து
சொல்லிக்கினு கீறேன்."
கீழே ஏகவல்லி.
வறுத்த மீன் கடை, கையில் ஜல்லிக் கரண்டி.
செக்‌ஷன் ஆபீசில் நாலு தடவை எழுதிக் கொடுத்தாளாம்.
"ஒங்க பொட்டி சொன்னாத்தான் காதுல ஏறுமா?"

ஏணியில் ஆறாவது படியில் நிற்பவனுக்கு
பதில் சொல்வது சுலபமில்லை.
பெட்டி சொன்னதும் ஏறவில்லை, அக்கா.
நூற்றறுபதுக்குக் கீழே போனால்தான் சிவப்பு என்று
யாரோ ஒருவர் எல்லை போட்டிருக்கிறார்.
நூற்றறுபத்தெட்டு
பச்சை.

ஆறே முக்கால். புது பேட்டரியைச் செருகும்போது
தெரு அணைந்தது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நானில்லை என்றேன்.
அதற்குள் எதிர்வீட்டுக்குக் குரல் போய்விட்டது:
"தேசம்மா, உங்கூட்ல கீதா?"
"இல்லக்கா, போச்சு."
தேசம்மா பின்கட்டு வழியாய் ஜெயசீலியைக் கேட்டாள்.
ஜெயசீலி இன்னொருத்தியை,
அவள் எனக்குப் பெயர் தெரியாத ஒருத்தியை.
இருட்டில் வாசல் வாசலாய்த் தாவிப் போன கேள்வி
அதே வழியில் திரும்பி வந்தது:
"டீக்கடை வரிக்கும் இல்லியாம்.
அந்தாண்ட எரியுதாம்."

என் பெட்டி இன்னும்
பக்கத்துப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது,
ஒரு சிமிட்டு,
நீண்ட யோசனை,
ஒரு சிமிட்டு.

டீக்கடைக் கம்பத்தில் ஜம்பர் கருகிக் கிடந்தது.
லைன்மேன் மைக்கேல்தாசுக்குப் போன் போட்டேன்.
இடத்தை எப்படிய்யா இவ்வளவு கரெக்டா சொல்றே என்றார்.
"நெட்வொர்க்" என்றேன்.

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம்
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்
உச்சியில் சிவப்பு விளக்கோடு நின்றன.
மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது,
இங்கே வர மட்டும் நேரமாகும்.

படிவத்தில் எழுதினேன்.
காரணம்: உப்பு. செய்த வேலை: பேட்டரி மாற்றம்.
எழுதாதது ஒன்று உண்டு.
ஏகவல்லி டார்ச் பிடிக்க,
நூற்றறுபது என்றிருந்த எல்லையை
இருநூறு என்று திருத்தினேன்.
அதற்கு எனக்கு அனுமதி கிடையாது.

மைக்கேல்தாஸ் வந்து கரண்ட்டும் வந்தபின்
இரவு ஒன்பதிலிருந்து
அந்தக் குளிரறைச் சுவரில்
ஒரு புள்ளி சிவந்தே கிடக்கும்.
யாராவது நாற்காலியை விட்டு
எழுந்து பார்க்கட்டும்.