மடிகொட்டி

ஒட்டுசுட்டானிலிருந்து போகிற காட்டுவழியில்
வீரை மரங்களுக்குள் ஒரு கற்குவியல்.
மடிகொட்டி என்பார்கள்.
ஒரே இரவில் குளங்கட்ட வந்த பூதங்களில்
பிள்ளைத்தாய்ச்சிப் பூதமொன்று
மடிநிறையக் கல் சுமந்து பிந்தி வர,
சேவல் கூவிவிட்டதாம்.
கொட்டிவிட்டு ஓடிற்று.
அந்தக் குளம் இன்றைக்கும்
தெற்கு மூலையில்தான் உடைப்பெடுக்கிறது.

தேனுக்குப் போகிறவர்கள் வேறு சொல்வார்கள்:
அங்கே கல்லெடுத்தவன் வீட்டுப் பசு
சிவப்பாய்க் கறக்கும்.
பவுசர் ஓட்டுகிற குகதாசனோ
அது வன்னியனின் பொன் என்கிறான்.
பங்கருக்குக் கல் ஏற்றப்போன லான்ட்மாஸ்டர்
மூன்று முறை நின்றதைத் தன் கண்ணால் கண்டவன்.
நான்காம் முறை ஏற்றினார்களா என்று கேட்டால்
பீடி பற்றவைப்பான்.

எனக்கு அது பதினேழாவது லேன்.
ஒரு மீற்றர் அகலம், முழங்காலில்,
இரண்டு பக்கமும் சிவப்புத்தலைக் கட்டைகள்.
கல்லுக்குக் கிட்ட மெசின் கத்தியது.
மிதிவெடிக்குக் கத்துவது போலவே கத்தியது;
அதற்கு வயது தெரியாது.

சுரண்டச் சுரண்ட
நாலு பலகைக்கல், நிமிர்ந்தபடி.
பாதி கறுப்பு பாதி சிவப்பாய் ஒரு சட்டி.
சாம்பல். ஒரு பல்.
விரல்நீளத் துரு, ஈட்டியோ உளியோ,
தொட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது.

சாய்ந்து கிடந்த மூடுகல்லை அளந்தேன்.
இருபது பேராவது தூக்கியிருக்க வேண்டும்.
இருபது பேர் இருந்திருக்கிறார்கள் அவனுக்கு,
அல்லது அவளுக்கு;
வேலையை விட்டு வந்து,
தோள் மாற்றி, யாரோ ஒருவர் கெட்ட வார்த்தையும் சொல்லி,
பிறகு ஆளுக்கொரு கல் போட்டு.

அப்பாவுக்கு நான் மட்டும்.
கடற்கரை மணலைச்
சோற்றுச்சட்டி மூடியால் தோண்டினேன்.
மூடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடினேன்,
அது தேவைப்பட்டது.

படிவத்தில் 'கண்டெடுத்த பொருள்' என்ற இடத்தில்
இரும்பு என்று எழுதினேன்.
'ஆபத்து' என்ற இடத்தில், இல்லை.
மேற்பார்வைக்கு வந்த ஜெயரூபி
வாசித்தாள், கல்லைப் பார்த்தாள்,
தொல்லியல் ஆட்கள் வருமட்டும் மூடச் சொன்னாள்.
மூடினேன். வெள்ளைக் கட்டை நட்டேன்.
மிஞ்சிப்போன கல்லொன்றை
எங்கே இருந்ததென்று தெரியாமல்
உச்சியில் வைத்தேன்.

அடுத்த கிழமை சந்திக் கடையில்
குகதாசன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்:
மடிகொட்டியில் மெசின் தானாய் அழுததாம்,
ஒரு பொம்பிளைப்பிள்ளை முழங்காலில் இருந்து
மணித்தியாலக் கணக்காய்த் தேற்றினாளாம்.

நான் பிளேன்ரீயை
ஆற்றிக்கொண்டிருந்தேன்.