ஒன்பதாவது பாட்டு

கேசட்டில் எட்டுப் பாட்டுதான்.
அட்டையில் நாங்கள் நால்வரும்
கமலாலயத்து மேல்கரையில் நிற்கிறோம்.
கண்ணிமை வெள்ளி, தேர் ஜோடிக்கிற ஜிகினாவை
விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசியது.
குதிகால் செருப்பில் மரியசூசை ஒரு சாண் வளர்ந்திருந்தான்.
படியில் துவைத்துக்கொண்டிருந்தவர்
என்ன வேஷம் தம்பி என்றார்.
கிளாம் ராக் என்றோம்.
ராக்காலப் பூசைக்கா, இப்பவே கிளம்பிட்டீங்களே என்றார்.

ஒன்பதாவதை வெட்டியது நான்.
அறுபது நிமிஷ நாடா, இடமில்லை என்றேன்.
கணக்கு என் பொறுப்பு; யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.
இரண்டாம் பக்கத்துக் கடைசியில்
நாலரை நிமிஷம் வெறும் இரைச்சல் ஓடும்.
அதற்கு இடம் இருந்தது.

மரியசூசை எழுதிய பாட்டு.
மையை அழிக்காமல் கடைசி பஸ் ஏறி
ஓடம்போக்கிப் பாலம் தாண்டும்போது மட்டும்
ஜன்னல் கண்ணாடியில்
தன்னைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தனைப் பற்றி.
பெயர் கிடையாது. டிரம் வாசிப்பான் என்று ஒரு வரி.
அன்றைக்குத் திருவாரூரில்
டிரம் வாசிக்கிறவன் ஒருத்தன்தான்.

அதைப் பற்றி அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.
செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

கஜா புயலில் ஹாஜா மைதீன் வீட்டு ஓடெல்லாம் போச்சு.
கிடார் போச்சு.
பிஸ்கட் டப்பாவுக்குள் அந்த ஸ்பூல் மட்டும்
ஈரம் படாமல் கிடந்ததாம்.
அவன் மகள் நஸ்ரின் ஆறு வருஷம் வைத்திருந்து
போன வெள்ளிக்கிழமை வெளியிட்டாள்.
அதற்கு முன் ஒரு போன்:
"கடைசியில யாரோ பேசறாங்க மாமா, எடுத்துடவா?"
யாரென்று தெரியலையே, இருக்கட்டும் என்றேன்.

கேட்டது கொள்முதல் நிலையத்தில்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புவது என் வேலை.
தூற்றும் எந்திரத்தின் புழுதிக்குள்
ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

என்ன சத்தம், அப்பா.
மூன்றாவது நிமிஷம் கரண்ட் போகிறது.
கிடார் பாதிக் கம்பியில் அணைகிறது.
மைக் செத்தும் மரியசூசை பாடுகிறான்,
வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல,
பெயரில்லாமல்.

"போதும்டா. நிறுத்து."
இருபத்திரண்டு வயசு, என் குரல்.

அதற்கு அப்புறமும்
ஏழு விநாடி ஓடுகிறது டிரம்.

"சார், மூட்டையை எடுக்கலாமா?" என்கிறார் எதிரே நிற்பவர்.
இன்னொரு தடவை வைத்துக் கேட்கிறேன்.
ஏழுதான்.