காறல்

ஸ்ட்ராபெர்ரி டப்பா
ஊட்டியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்தது.
மேல் வரிசை மட்டும் பழம்.
அதற்குக் கீழே சிவப்பாக ஒரு ஈரம்,
நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

நாளை சாயங்காலம்
புதுச்சேரி விடுதிக்குப் பன்னிரண்டு டார்ட் போகவேண்டும்.
"உள்ளூர்ப் பழமா இருக்கணும் மேடம்"
என்று மானேஜர் மறுபடியும் போன் செய்தார்.
எந்த ஊருக்கு உள்ளூர் என்று கேட்டேன்.
சிரித்தார்.
அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை.

கடலூரில் எனக்கு எது உள்ளூர்?
வாளியோடு
காடாம்புலியூர் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சித்திரை. முந்திரித் தோப்பில்
காலெடுத்து வைக்க இடமில்லாமல் பழம்.
மஞ்சள், சிவப்பு,
இன்னும் முடிவு செய்யாத சில.
கொட்டையைத் திருகிக்கொண்டு
பழத்தை அங்கேயே போட்டுவிடுகிறார்கள்.
முதல் நாள் அணிலுக்கு, ஆட்டுக்கு.
மறுநாள் ஈக்களுக்கு.
அதற்கு மறுநாள் தோப்பே சாராய வாடை.
என்ன விலை என்றேன்.
குத்தகைக்காரர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"எதுக்கு?" என்றார்.

திரும்பும்போது வாளி கசிந்து
பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் ஒரு சொட்டு.
மரம் காய்த்து ஓயும்வரை
அந்தக் கறை போகாது என்பார்கள்.
நான் சொல்லவில்லை.
பண்ருட்டி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் தட்டு வீண்.
பழத்தை அப்படியே அரிந்து வைத்து வேகவிட்டேன்,
ஒரு வாய்தான்,
தொண்டையைக் கையால் பிடித்தது போல.
இரண்டாவது தடவை
உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு,
இட்லிக் குண்டானில் ஆவி காட்டி,
பிழிந்து, சர்க்கரையில் புரட்டி.
மைதாவும் வெண்ணெயும்
இந்த ஊர் வெக்கைக்குப் பிசையப் பிசைய ஓடுகின்றன.
ஃபேனை நிறுத்தி, மாவை ஃப்ரிட்ஜுக்கு அனுப்பி,
நானும் கொஞ்சம்
திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றேன்.

அவனில் வைத்து ஒன்பது நிமிஷம்.
கரண்ட் போனது.
கதவைத் திறக்காமல்
இருட்டில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே இருக்கிற சூடு உள்ளேயே இருக்கட்டும்.
வாசனைக்குக் கரண்ட் தேவையில்லை,
அது பாட்டுக்குத் தெருவுக்குப் போனது.

அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள் செங்கமலம்,
எதிர்வீடு, முந்திரிக் கம்பெனியில் உடைக்கிறவள்.
"பழமா வேகவைக்கிற? பைத்தியமா உனக்கு?"
செல்போன் வெளிச்சத்தில் தட்டை வெளியே எடுத்தோம்.
ஒவ்வொன்றின் தலையிலும் பாதி முந்திரி.
மரத்தில் பழத்துக்குக் கீழே தொங்குவது
இங்கே மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.
"முழுசு போடலியா?"
"கட்டுப்படியாகாது."
"ஆமாமா. நானே முழுசு தின்னதில்ல, எண்ணித்தான் இருக்கேன்."

ஓட்டு எண்ணெய் தின்ற விரல்கள்,
நுனியெல்லாம் கருத்து, வழவழத்து.
போன மாசம் ரேஷன் கடையில்
மெஷினில் நாலு தடவை வைத்துப் பார்த்து
"நீ நீதான்னு காட்ட மாட்டேங்குதும்மா"
என்று திருப்பி அனுப்பினார்கள்.
சொல்லிச் சிரித்தாள் அன்றைக்கு.
அரிசி நான்தான் கொடுத்தேன்.

கடித்தாள். ரொம்ப நேரம் மென்றாள்.
"காறல் இருக்கு."
"நிறையவா?"
"கொஞ்சம். கடைசியில வருது."
இன்னொரு ஆவி காட்டினால் போய்விடும் என்றேன்.
"போனா அப்புறம் இது என்ன பழம்? எதுவோ பழம்."

போன் அடித்தது. மானேஜர்.
போர்டில் என்ன பேர் எழுதட்டும் என்றார்.
முந்திரிப் பழம் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பிரெஞ்சுல அதுக்கு என்னங்க?"
தெரியாது என்றேன்.
இன்னொன்றும் சொன்னேன்,
பதினொன்றுதான் வரும்.

செங்கமலம் தட்டைச் சாய்த்து
மிச்சமிருந்த தூளைக்
கட்டைவிரலால் ஒற்றி எடுத்தாள்.
ஒன்று விடாமல்
ஒட்டிக்கொண்டு வந்தது அதில்.